பீக்கி பிளைண்டர்ஸ்: தொப்பிக்குள் பிளேடு இருந்ததா?

இந்தத் தொடரைப் பார்த்து முடித்தவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா? 2013 செப்டம்பரில் பிபிசி டூவில் தொடங்கி, கடைசி இரண்டு சீசன்களுக்கு பிபிசி ஒன்னுக்கு மாறி, 2022 ஏப்ரலில் முடிந்த தொடர் இது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு ரவுடிக் கும்பலின் கதை. ஆறு சீசன், சீசனுக்கு ஆறு எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெட்ஃபிளிக்ஸில் முழுவதும் கிடைக்கிறது. கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஊர் உண்மை, கும்பலின் பெயர் உண்மை, எதிரிகளில் பாதிப் பேர் உண்மை. காலம் மட்டும் இருபது வருடத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. கும்பலின் தலைவன் டாமி ஷெல்பியும் அவன் குடும்பமும் முழுக்கக் கற்பனை.

ஆனால் ஆண்டு தவறியதால் இந்தத் தொடருக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஒரு தெருவில் காசு எப்படிப் புழங்கியது, யார் யாருக்குப் பயந்தார்கள், வேலை எப்படி நடந்தது என்பதை உள்ளபடி காட்டும் இடங்களில் எழுந்திருக்க மனம் வராது. அந்தத் தெருவை விட்டு மாளிகைகளுக்கும் மந்திரிகளுக்கும் கதை ஏறிப்போகும்போது பிடி தளர்கிறது. முதல் இரண்டு சீசன் இனிப்பதற்கும் மூன்றாவது இழுப்பதற்கும் இதுவே காரணம். கீழே கதையின் சில முடிச்சுகள் அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் முதல் சீசனை முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் கும்பல். பீக்கி பிளைண்டர்ஸ் என்ற பெயர் செய்தித்தாளில் வந்தது 1890 மார்ச்சில். பர்மிங்ஹாமின் போர்ட்ஸ்லி பகுதியில், ஆடர்லி தெருவில் இருந்த ரெயின்போ என்ற மதுக்கடையில் ஒரு இளைஞன் மது கேட்காமல் இஞ்சி பீர் வாங்கியிருக்கிறான். அதற்காகச் சீண்டி, வெளியே வந்தவனை அடித்து மண்டையை உடைத்தார்கள். இதுதான் அசல் கும்பலின் அளவு: தெருமுனைச் சண்டை, வழிப்பறி, போலீஸ்காரர் மீது கல்வீச்சு, சில்லறைத் திருட்டு. 1919ல், அதாவது தொடரின் கதை தொடங்கும் ஆண்டில், அவர்கள் ஏற்கெனவே பழங்கதை. 1899ல் அயர்லாந்துப் போலீஸிலிருந்து வந்து பர்மிங்ஹாம் காவல்துறைத் தலைவரான சார்லஸ் ஹாட்டன் ராஃப்டர் ஆட்களைப் பெருக்கி, தெருக்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். பள்ளிக்கூடமும் இளைஞர் மன்றங்களும் விளையாட்டும் மீதியைச் செய்தன. தொடரில் சாம் நீல் நடிக்கும் காம்பெல் பெல்ஃபாஸ்டிலிருந்து வருகிறாரே, அவருடைய மூலம் இந்த ராஃப்டர்தான். ராஃப்டர் 1935 வரை அதே பதவியில் இருந்தார். காம்பெலின் வக்கிரத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

இப்போது தொப்பி. தொப்பியின் முன்விளிம்பில் சவர பிளேடைத் தைத்துவைத்து எதிரியின் கண்ணைக் கீறுவார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்பது தொடர் சொல்லும் விளக்கம். இது நிற்காது. கழற்றி மாட்டும் மெல்லிய பிளேடை ஜில்லெட் விற்கத் தொடங்கியதே 1903ல், அதுவும் அமெரிக்காவில். 1890ல் தெருப் பையன்களிடம் இருந்திருக்க வழியே இல்லை. பின்னால் வந்தபோதும் அது காசுள்ளவர்களின் பொருள். கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சரியாக வெட்டாது. வெட்டுவதற்கு பிளேடுக்குப் பின்னால் ஒரு விறைப்பான பிடி வேண்டும். துணித் தொப்பியின் விளிம்பு வளையும், தையல் பிரியும், வீசுகிற கையையே பதம் பார்க்கும். அசல் கும்பலின் ஆயுதங்கள் பித்தளைக் கொக்கி வைத்த இடுப்பு பெல்ட்டும் ஆணி அடித்த பூட்ஸும்தான். பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு கொக்கி வெளியே இருக்கும்படி வீசுவார்கள். பெயர்க் காரணத்தைப் பொறுத்தவரை, பர்மிங்ஹாம் வரலாற்றாசிரியர் கார்ல் சின் சொல்வது பொருத்தமாகப் படுகிறது: 'பீக்' என்பது தொப்பியின் கூர்ந்த விளிம்பு, 'பிளைண்டர்' என்பது பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும்படி உடுத்தியவனுக்கு அந்த ஊர் வழக்கு. படமாக்குவதற்கு பிளேடு அருமையான விஷயம் என்பதில் சந்தேகமில்லை. தொடரின் அடையாளமே அது. ஆனால் வரலாறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உடையில் பாதி சரி. அசல் ஆட்கள் கால்சட்டையை கீழே மணி போல அகலமாகத் தைத்துக்கொண்டார்கள், கழுத்தில் பட்டு ஸ்கார்ஃப், தலையில் பெரும்பாலும் விளிம்பை முன்னால் கூராக வளைத்த வட்டத் தொப்பி. தொடரில் வரும் எட்டுத் துண்டுத் தொப்பியும் மூன்று உருப்படி ட்வீட் சூட்டும் பிந்தைய காலத்துப் பணக்காரத்தனம். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி முன்னால் மட்டும் முடி விடுவது உண்மை. சட்டையில் காலர் இல்லாமல் கழுத்தில் பித்தான் மட்டும் தெரிகிறதே, அது மிகச் சரியான விவரம். அன்றைக்குக் காலர் தனியாகக் கழற்றுகிற பொருள். சட்டையைத் தினமும் துவைக்க முடியாது, காலரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். வீட்டிலும் பட்டறையிலும் காலர் இல்லாமலே இருப்பார்கள். ஆடை வடிவமைப்பாளர்கள் இதைப் பிடித்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இனி பந்தயம். தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குதிரைப் பந்தய மைதானத்துக்குள் பணம் கட்டுவது அன்றைய பிரிட்டனில் சட்டப்படி சரி. மைதானத்துக்கு வெளியே, தெருவிலோ கடையிலோ ரொக்கமாகக் கட்டுவது குற்றம். 1906 தெருப் பந்தயச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. பந்தயக் கடை வெளிப்படையாகத் திறக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஷெல்பி வீட்டுக் கதவைத் தள்ளினால் உள்ளே கரும்பலகை, சாக்பீஸ், சீட்டு, நாணயக் குவியல் என்று ஒரு முழுக் கடை இயங்குவது உண்மையான வாழ்க்கை. போலீஸுக்கு மாமூல், தெருவில் எச்சரிக்கை கொடுக்கச் சிறுவர்கள், ஆண்கள் போர்முனையில் இருந்தபோது கணக்கைப் பார்த்துக்கொண்ட பெண்கள், எல்லாமே பொருந்துகிறது. ஹெலன் மெக்ரோரியின் பாலி அத்தை கணக்குப் புத்தகத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கும் காட்சிகள் அதனால்தான் அவ்வளவு கனமாக இருக்கின்றன.

மைதானத்துக்குள் கும்பல்கள் எப்படிச் சம்பாதித்தன என்பதைத் தொடர் மேலோட்டமாகத்தான் தொடுகிறது. இது பெரிய இழப்பு, ஏனென்றால் உண்மை கற்பனையைவிட நுட்பமானது. ஒவ்வொரு புக்கியும், அதாவது பந்தயப் பணம் வாங்குகிறவரும், எந்தக் குதிரைக்கு என்ன விகிதம் என்பதைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். ஒரு பந்தயம் முடிந்ததும் அழிக்க வேண்டும். கும்பலின் ஆள் ஒரு வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சும் எடுத்துக்கொண்டு வரிசையாக வருவான். பலகையை ஒரு துடை துடைத்துவிட்டு அரை கிரௌன், அதாவது இரண்டரை ஷில்லிங், கேட்பான். நிற்கிற ஸ்டூலுக்கு வாடகை, சாக்பீஸுக்குக் காசு, குதிரைகளின் பெயர் அச்சடித்த தாளுக்கு அதன் அச்சுச் செலவைப்போலப் பல மடங்கு விலை. கொடுக்க மறுத்தால் அடிக்கவே தேவையில்லை. பத்துப் பேர் புக்கியைச் சுற்றி நின்றுகொள்வார்கள், பணம் கட்ட வருகிறவர் நெருங்க முடியாது. அன்றைய வியாபாரம் போயிற்று. பலகைக்கு எந்த இடம் நல்ல இடம், அதை யார் பிடிப்பது என்பதற்குத்தான் ரத்தம் சிந்தினார்கள். இப்படி ஒரு முழுநாள் வசூலை ஒரே ஒரு எபிசோடில் காட்டியிருந்தால் எந்தத் துப்பாக்கிச் சண்டையும் அதன் பக்கத்தில் நிற்காது.

தொடர் இதற்குப் பதிலாக 'லைசென்ஸ்' என்ற ஒன்றைக் கதையின் அச்சாக வைக்கிறது. டாமி சட்டப்பூர்வமான புக்கியாக ஆசைப்படுகிறான், எப்சம் மைதானத்தில் எதிரியின் லைசென்ஸுகளை எரிக்கிறார்கள். 1919க்கும் 1922க்கும் இடையில் புக்கிகளுக்கு அரசு லைசென்ஸ் கிடையாது. இடத்தைத் தீர்மானித்தது மைதான நிர்வாகமும் முரட்டுக் கைகளும்தான். அரசின் சான்றிதழ் வந்தது 1926ல், சர்ச்சில் நிதியமைச்சராக இருந்து பந்தய வரி போட்டபோது. அந்த வரியும் சில ஆண்டுகளில் போய்விட்டது. லைசென்ஸ் ஒரு வசதியான கற்பனை. பார்வையாளருக்கு "சட்டத்துக்குள் வர ஆசைப்படும் ரவுடி" என்பதை ஒரு காகிதத்தில் காட்ட உதவுகிறது. நாடகத்துக்காகச் செய்த மாற்றங்களில் இது மன்னிக்கத்தக்கது.

பில்லி கிம்பரை என்ன செய்திருக்கிறார்கள் என்பது மன்னிக்கச் சற்றுக் கடினம். கிம்பர் உண்மையான மனிதர், பர்மிங்ஹாம்காரர், பர்மிங்ஹாம் பாய்ஸ் கும்பலின் தலைவர், அன்றைய இங்கிலாந்தின் பந்தய மைதானங்களில் பெரும்பகுதியை ஆட்டிவைத்தவர். அதாவது டாமி ஷெல்பி தொடரில் அடைய விரும்பும் இடத்தில் நிஜத்தில் இருந்தவரே இவர்தான். தொடர் அவரை வெளியூர் எதிரியாக்கி 1919லேயே சுட்டுக் கொன்றுவிடுகிறது. நிஜ கிம்பர் 1945ல் டார்க்கீ என்ற கடலோர ஊரில் இறந்தார். லண்டனின் கிளர்க்கன்வெல் பகுதியிலிருந்து எழுந்த அவருடைய எதிரி டார்பி சபினி 1950ல் ஹோவ் நகரில் இறந்தார். இருவருக்கும் நடந்த போரின் உச்சம் 1921 ஜூன் 2. எப்சம் டெர்பிக்கு மறுநாள், ஈவெல் என்ற ஊரின் மதுக்கடை அருகே பர்மிங்ஹாம் ஆட்கள் சபினியின் வண்டி என்று நினைத்து ஒரு வண்டியை மறித்துச் சுத்தியலும் கோடரியுமாகப் பாய்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் லீட்ஸ் நகரப் புக்கிகள், தங்கள் நட்புப் பக்கத்து ஆட்கள். அன்றே கும்பலாகப் பிடிபட்டு, ஜூலையில் கில்ட்ஃபோர்டில் தண்டனை பெற்றார்கள். பர்மிங்ஹாம் கும்பலின் இறக்கம் அங்கே தொடங்கியது. இந்தச் சம்பவம் தொடரில் இல்லை.

உயிர்க்கணக்கும் பொய். தொடரில் பிணங்கள் எண்ணி மாளாது. நிஜப் பந்தயக் கும்பல்கள் கொலையைத் தவிர்த்தன, காரணம் எளியது: கொலைக்குத் தூக்கு. முகத்தில் ஒரு கீறல் போதும், அது ஆயுள் முழுக்கப் பேசும். டாம் ஹார்டி நடிக்கும் ஆல்ஃபி சாலமன்ஸுக்கு மூலமான ஆல்ஃபி சாலமன் 1924ல் லண்டன் கிளப் ஒன்றில் ஒருவரைக் குத்திக் கொன்றபோதுகூட, திறமையான வக்கீலால் அது கொலை அல்ல, மரணம் விளைவித்த குற்றம் என்று குறைந்து மூன்றாண்டுச் சிறையோடு தப்பினார். ரொட்டிக்கடைக்குள் சாராயம் வடிக்கும் அந்த நீண்ட வசனங்கள் எல்லாம் ஹார்டியின் பாத்திரத்துக்கே சொந்தம், ரசிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

போர் நினைவு தொடரின் மிகச் சிறந்த பகுதி. டாமி பிரான்ஸில் சுரங்கம் தோண்டியவன். 1915 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவம் சுரங்கப் படைப்பிரிவுகளை அமைத்தபோது, நகரச் சாக்கடைக் குழாய்களுக்காகக் களிமண்ணைக் குடைந்து பழகிய தொழிலாளிகளைத்தான் முதலில் எடுத்தது. 45 டிகிரி சாய்ந்த ஒரு மரப்பலகையில் மல்லாந்து கிடந்து, இரண்டு காலாலும் மண்வெட்டியைக் களிமண்ணுக்குள் உதைத்து இறக்கி, கட்டியை நெம்பி எடுப்பார் ஒருவர். இன்னொருவர் அதைச் சாக்கில் கட்டுவார், மூன்றாமவர் தள்ளுவண்டியில் இழுத்துப்போவார். கோடாலி கிடையாது, பேச்சு கிடையாது, சத்தம் வந்தால் பக்கத்தில் தோண்டிக்கொண்டிருக்கும் ஜெர்மானியருக்குக் கேட்டுவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே டாமி ஓப்பியம் புகைக்கும் காட்சிகளுக்கு இந்தத் தொழில்தான் அடி. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். டாமியாக நடிக்கும் கிலியன் மர்ஃபி தூங்கும்போதுகூட ஏன் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கிறார் என்பது புரியும்.

ஊரும் தொழிற்சாலையும் நம்பகமானவை. பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் பகுதியில் இருந்த பிஎஸ்ஏ என்ற ஆயுதத் தொழிற்சாலை முதல் உலகப் போரில் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளை உண்மையிலேயே தயாரித்தது. முதல் சீசனில் தவறிக் கைக்கு வரும் பெட்டிக்குள் இருப்பவை அவையே. குண்டு இல்லாமலே சுமார் 13 கிலோ எடை, கோட்டுக்குள் ஒளிக்க முடியாது, அதனால்தான் கல்லறையும் படகும் தேவைப்படுகின்றன. அந்தக் காலத்து பர்மிங்ஹாம் தொழிலாளிகள் பலர் வாழ்ந்தது முதுகோடு முதுகு ஒட்டிய சின்ன வீடுகளில். நடுவே ஒரு முற்றம், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறை, துணி துவைக்கப் பொது அறை. 1914 வாக்கில் அப்படி 43,000க்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. ஷெல்பி வீடு இதைவிட விசாலம். தெருவில் எப்போதும் நெருப்புச் சுவாலை வீசுவதும் ஒளிப்பதிவாளரின் கைவண்ணம். படகுத்துறைக் காட்சிகள் டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி வாழ்வியல் அருங்காட்சியகத்தில் எடுத்தவை, பழைய கால்வாய்த் துறை அங்கே அப்படியே இருக்கிறது. நவீன ராக் இசையைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதை யாரும் 1919ன் இசை என்று நம்பப்போவதில்லை, ஆகவே தீங்கில்லை. நம்பவைக்கும் பொய்தான் கவனிக்க வேண்டியது.

மூன்றாம் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1924ல் பிரிட்டன் சோவியத் அரசை அங்கீகரித்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஜார்ஜியாவில் எழுச்சி நடந்ததும் உண்மை. பின்னணி வரலாற்றில் இது முந்தைய சீசன்களைவிடச் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் சலிக்கிறது. ரஷ்யப் பிரபுக்களின் மாளிகை, நகைப் பெட்டி, ரகசியச் சங்கம் என்று போவதால் யார் எதற்காகக் கூலி வாங்குகிறார்கள் என்பதே மறந்துவிடுகிறது. நான்காம் சீசனில் நியூயார்க் மாஃபியா கடல் தாண்டிப் பழிவாங்க வருகிறது. இதற்கு வரலாற்றில் அடிப்படை இல்லை, ஆனால் ஏட்ரியன் ப்ரோடி வந்ததும் பதற்றம் ஏறுகிறது. முதல் எபிசோட் இத்தொடரின் மிக விறுவிறுப்பான ஒரு மணி நேரங்களில் ஒன்று.

அதே சீசனில்தான் இத்தொடரின் பெரிய அநியாயமும் இருக்கிறது. ஜெஸ்ஸி ஈடன் கற்பனைப் பாத்திரம் அல்ல. லூகாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த தொழிற்சங்கப் பெண். 1926 பொது வேலைநிறுத்தத்தில் தன் பிரிவுப் பெண்களை வெளியே அழைத்து வந்தவர். 1931ல் நிர்வாகம் நேரம் அளக்கும் கடிகாரத்தோடு வந்து, வேகமாக வேலை செய்யும் இவரை அளவுகோலாக வைத்து மற்றவர்களை விரட்டப் பார்த்தபோது, சுமார் 10,000 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகம் பின்வாங்கியது. பின்பு 1939ல் பர்மிங்ஹாமின் பெரிய வாடகைப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். 1986 வரை வாழ்ந்தார். தொடரில் அவர் டாமிக்குக் கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தகவல் கறக்கும் வழி, அப்புறம் ஒரு காதல் துணைக்கதை. கிம்பரை முன்கூட்டிக் கொன்றது ஒரு தேதிப் பிழை. உழைப்பாளிப் பெண் ஒருத்தி சொந்தமாக ஜெயித்ததை ரவுடியின் படுக்கையறைக்குச் சுருக்கியது வேறு வகைப் பிழை. கடிகாரத்தோடு நிற்கும் மேஸ்திரியும், ஒரே நொடியில் நிற்கும் இயந்திரங்களும் எவ்வளவு பெரிய காட்சியாகியிருக்கும் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

ஐந்தாம் சீசன் தொடரை மீட்கிறது. 1929 அக்டோபர் 29ன் பங்குச்சந்தைச் சரிவில் தொடங்கி பின்னாளில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவரான ஆஸ்வால்ட் மோஸ்லியைக் கொண்டுவருகிறார்கள். சாம் கிளாஃப்லின் அவரைக் கத்தாத, சிரிக்காத, பாம்பு போன்ற அமைதியில் நடித்திருக்கிறார். தேதிகள் முன்னுக்கு இழுக்கப்பட்டிருக்கின்றன: 1929ல் மோஸ்லி லேபர் அரசில் அமைச்சர், 1931ல்தான் தனிக் கட்சி, 1932 அக்டோபரில்தான் பாசிஸ்ட் யூனியன். டாமி எம்பியாக இருக்கும் தெற்கு பர்மிங்ஹாம் தொகுதிகூட 1918லேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் மோஸ்லிக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்மை. 1924ல் லேடிவுட் தொகுதியில் நெவில் சேம்பர்லைனிடம் வெறும் 77 வாக்கில் தோற்றவர், பிறகு பக்கத்து ஸ்மெதிக்கின் எம்பி. ஆறாம் சீசன் மெதுவானது. 2021 ஏப்ரலில் ஹெலன் மெக்ரோரி மறைந்தது கதையில் ஆறாத பள்ளமாகத் தெரிகிறது. அதன் தொடக்கம் மட்டும் அருமை: அமெரிக்க மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்ததும், அதுவரை கடத்தல் சரக்கால் வாழ்ந்த, கனடாவுக்கு அருகிலுள்ள மிக்கலான் என்ற பிரெஞ்சுத் தீவு வேலையிழந்து நிற்பது அப்படியே வரலாறு.

பார்ப்பவர்களுக்குச் சில யோசனைகள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், பர்மிங்ஹாம் உச்சரிப்பும் ஹார்டியின் முணுமுணுப்பும் அது இல்லாமல் பிடிபடாது. 'கட்' என்று சொன்னால் கால்வாய். ரத்தமும் போதையும் தாராளம், குழந்தைகளோடு உட்கார வேண்டாம். நேரம் குறைவு என்றால் முதல் இரண்டு சீசனும் ஐந்தாவதும் போதும், மொத்தம் 18 மணி நேரம். இடையில் உள்ளவற்றின் கதைச்சுருக்கத்தைப் படித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று எபிசோடுக்கு மேல் போகாதீர்கள். வேகமாக ஓட்டினால் டாமியின் மெதுநடையும் சிகரெட்டும் திரும்பத் திரும்ப வந்து அலுக்கும்.

அசல் ஆட்களின் முகத்தைப் பார்க்க விரும்பினால், பர்மிங்ஹாமின் ஸ்டீல்ஹவுஸ் லேனில் பழைய சிறைக்கூடம் இப்போது போலீஸ் அருங்காட்சியகமாக இருக்கிறது. அன்றைய கைதிகளின் படங்கள் அதன் சேகரிப்பில் உள்ளன. அவற்றில் 1904ல் பிடிபட்ட ஒரு 19 வயதுப் பையன், முகம் இன்னும் குழந்தை மாதிரி. குற்றம்: சைக்கிள் திருட்டு.